கலிபோர்னியாவில் பழைய கேம்பர் வேன் வாங்குபவர்களுக்கு: ஸ்மாக் செக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்பர் வேன் தேடுகிறவர்கள் படுக்கை, அடுப்பு, தூக்கிக் கட்டும் கூரை எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டு, புகைப் பரிசோதனை பற்றிக் கடைசியில்தான் கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் அதை முதலில் கேட்க வேண்டும். ஸ்மாக் செக்கில் தேறாத வேனை உங்கள் பெயரில் பதிவு செய்து முடிக்க முடியாது. வாசலில் நிறுத்தி வைத்து உள்ளே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எந்த வேனுக்கு ஸ்மாக் செக் கட்டாயம்?

பெட்ரோல் வண்டி என்றால் 1976 மாடலும் அதற்குப் பிந்தியவையும். டீசல் என்றால் 1998 மாடலும் அதற்குப் பிந்தியவையும், மொத்த எடை மதிப்பு 14,000 பவுண்டு வரை. 1975 வரையிலான பெட்ரோல் வண்டிக்கும் 1997 வரையிலான டீசல் வண்டிக்கும் தேவையில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. அதோடு கைமாறும்போதும் ஒருமுறை. மிகப் புதிய எட்டு மாடல் ஆண்டுகளுக்கு இரண்டாண்டுப் பரிசோதனை கிடையாது. நான்கு மாடல் ஆண்டுக்கு உட்பட்ட வண்டி கைமாறும்போதும் பரிசோதனை வேண்டாம், 8 டாலர் கட்டணம் கட்டினால் போதும்.

"30 வயதானால் தானாகவே விலக்கு வந்துவிடும்" என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் உண்டு. அப்படி ஒரு விதி ஒருகாலத்தில் இருந்தது உண்மை. 2005 முதல் அதை 1975-லேயே நிறுத்திவிட்டார்கள். 1976 வேனுக்கு எத்தனை வயதானாலும் பரிசோதனை உண்டு.

1975-ஆ, 1976-ஆ? ஒரு வருடம் முன்பின் இருந்தால் என்ன?

ஃபோக்ஸ்வேகன் பஸ் வாங்குகிறவருக்கு இந்த ஒரு வருடம்தான் எல்லாமே. 1975 பஸ்ஸுக்கு வாழ்நாள் முழுக்க ஸ்மாக் தொல்லை இல்லை, 1976-க்கு உண்டு. விலை வித்தியாசமும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். ஆகவே விளம்பரத்தில் எழுதியதை நம்பாதீர்கள். அந்தக் காலத்து பஸ்ஸின் சேசிஸ் எண் பத்து இலக்கம். அதில் மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம்: 235 என்று தொடங்கினால் 1975, 236 என்று தொடங்கினால் 1976. ஃபோக்ஸ்வேகனின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். அதனால் 1975 அக்டோபரில் தொழிற்சாலையை விட்டு வந்த பஸ் 1976 மாடல். "75-ல தயாரான வண்டி சார்" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் உங்களுக்கு உதவாது.

1981 முதல் எண் 17 எழுத்து. அதில் பத்தாவது எழுத்து ஆண்டைச் சொல்லும். பஸ்ஸுக்கு அடுத்து வந்த ஃபோக்ஸ்வேகன் வேனான வானகனில் எஃப் என்றால் 1985, ஜி என்றால் 1986, எம் என்றால் 1991.

"ஸ்மாக் மட்டும்தான் பாக்கி, நீங்களே பண்ணிக்கொள்ளுங்கள், 500 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார் விற்பவர். சரிதானா?

சரியல்ல. கலிபோர்னியாவில் செல்லுபடியாகும் ஸ்மாக் சான்றிதழைக் கொடுப்பது சட்டப்படி விற்பவர் பொறுப்பு, அவர் டீலராக இருந்தாலும் தனிநபராக இருந்தாலும். "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்தப் பொறுப்பு போகாது. சான்றிதழ் 90 நாள் செல்லும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, கணவன் மனைவி இவர்களுக்குள் கைமாறினால் மட்டும் இது தேவையில்லை.

பரிசோதனைக்கு ஆகும் பணம் சொற்பம். மாநிலத்துக்குப் போகும் சான்றிதழ்க் கட்டணம் 8 டாலர் 25 சென்ட். மீதி நிலையத்தின் கூலி, அது கடைக்குக் கடை மாறும். இவ்வளவு சிறிய வேலையைச் செய்யாமல் ஒருவர் 500 டாலரை விட்டுக்கொடுக்கிறார் என்றால், அவர் ஏற்கெனவே செய்து பார்த்துத் தோற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது, இலவசமாக. ஸ்மாக் செக்கை நடத்துவது மாநிலத்தின் வாகனப் பழுது பணியகம், பிஏஆர். அவர்களுடைய இணையதளத்தில் நம்பர் பிளேட்டையோ சேசிஸ் எண்ணையோ கொடுத்தால் அந்த வண்டியின் பரிசோதனை வரலாறு வரும்: எந்தத் தேதியில், எந்த நிலையத்தில், தேறியதா தோற்றதா. வேனைப் பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கடந்த மாதம் ஒரே வாரத்தில் மூன்று தோல்வி, பிறகு ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் திடீர்த் தேர்ச்சி என்றிருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக வரலாறே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வண்டி ஓடாமல் கிடந்திருக்கிறது. இரண்டு, அது ஹம்போல்ட், மெண்டசீனோ, சிஸ்கியூ போன்ற வடக்கு மாவட்டங்களில் பதிவாகியிருக்கிறது. அங்கே கைமாறும்போது மட்டும்தான் பரிசோதனை. ஒரே ஆள் 20 ஆண்டு வைத்திருந்த வேன் 20 ஆண்டாகச் சோதிக்கப்படாமல் இருக்கலாம். அதை நீங்கள் சான் ஹோசேவுக்கோ ஃப்ரீமாண்டுக்கோ கொண்டுவந்தால் இரண்டாண்டுக் கணக்கு தொடங்கிவிடும்.

நேரில் போனதும் முதலில் என்ன பார்ப்பது?

இன்ஜின் அறையைத் திறந்து, புகைக் கட்டுப்பாட்டு லேபிளைத் தேடுங்கள். எந்த ஆண்டு, எந்த இன்ஜின், என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும், வேக்குவம் குழாய் எங்கிருந்து எங்கே போக வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். கலிபோர்னியா விதிகளுக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறதா, கூட்டரசு விதிகள் மட்டுமா என்பதும் அதில்தான். பின்னதற்குப் பேச்சுவழக்கில் '49 மாநில வண்டி' என்று பெயர்.

பரிசோதனையில் புகையை அளப்பது ஒரு பகுதி மட்டுமே. கண்ணால் பார்த்து ஒவ்வொரு கருவியும் இருக்கிறதா என்று சரிபார்ப்பது இன்னொரு பகுதி. புகை பச்சைத் தண்ணீர்போல் சுத்தமாக வந்தாலும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியின் ஒரு குழாய் கழன்றிருந்தால் தோல்விதான். லேபிளில் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) என்றிருந்தால் இஜிஆர் வால்வு இருக்க வேண்டும்.

அடுத்து வண்டிக்கு அடியில் குனிந்து, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாருங்கள். கம்பெனியில் வந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் பொறித்த மாற்றுப் பொருளாக இருக்க வேண்டும். அந்த எண் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். எண் இருந்தால் மட்டும் போதாது, அது இந்த ஆண்டு, இந்த இன்ஜினுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கன்வெர்ட்டர் திருட்டு மலிந்த ஊர் இது. திருடு போனபின் மலிவான வெளிமாநிலச் சரக்கை ஒட்டவைத்து விற்கப்படும் வேன்கள் நிறைய. கலிபோர்னியா ஒப்புதல் உள்ளது அதைப்போலப் பல மடங்கு விலை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டரைப் போடுவதும் இங்கே சட்டவிரோதம். இதே ஒப்புதல் எண் விதி ஏர் ஃபில்டர் பெட்டி, எக்ஸாஸ்ட் ஹெடர் போன்ற மாற்றங்களுக்கும் உண்டு.

1996-க்குப் பிந்திய வேனுக்கு மெக்கானிக் இல்லாமல் நானே எதையாவது சோதிக்க முடியுமா?

முடியும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி-2 ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதே போதும், ஆனால் 'ரெடினெஸ்' நிலையைக் காட்டுவதாக இருக்கட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். முதலில் சாவியை மட்டும் போட்டு, செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், அல்லது கழற்றியிருப்பார்கள். அதுவே ஒரு தோல்வி.

பிறகு மானிட்டர்கள். வண்டியின் கணினி தன் புகைக் கருவிகளைத் தானே சோதித்து முடித்ததா என்று சொல்பவை இவை. பிழைக் குறியீட்டை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும். விற்பவர் காலையில் குறியீட்டை அழித்து, விளக்கை அணைத்துவிட்டு உங்களை மாலையில் வரச் சொன்னால் இதில் மாட்டிக்கொள்வார். 2000 முதலான பெட்ரோல் வண்டிக்கு, பெட்ரோல் ஆவிக் கசிவைப் பார்க்கும் ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். 1996 முதல் 1999 வரை ஏதாவது ஒன்று. 1998 முதல் 2006 வரையிலான டீசலுக்கு எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. 'குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற வரியையும் பாருங்கள். 12 மைல் என்று காட்டினால் கதை புரிந்துவிடும்.

ஆனால் அவசரப்பட்டு விற்பவரை ஏமாற்றுக்காரர் என்றும் சொல்லிவிட வேண்டாம். கேம்பர் வேன் மாதக்கணக்கில் நின்று, பேட்டரி செத்து, புதுப் பேட்டரி போட்டாலும் இதேதான் நடக்கும். அப்படியென்றால் ஓட்டித் தயார்செய்து தரச் சொல்லுங்கள்: இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் 15, 20 நிமிடம், இடையே பிரேக் போடாமல் காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, பிறகு ஊருக்குள் நின்று நின்று கொஞ்ச தூரம். டாங்க் கால்பங்குக்கும் முக்கால்பங்குக்கும் இடையில் இருக்கட்டும். நிரம்பி வழிந்தாலும் அடிமட்டத்தில் இருந்தாலும் ஆவி மானிட்டர் வேலை செய்யாது. இதை நாலைந்து நாள் செய்ய வேண்டிவரலாம்.

2010 மாடல் முதல் இன்னொன்றும் உண்டு, நிரந்தரக் குறியீடு. இதை ரீடரால் அழிக்க முடியாது. வண்டி தானே சோதித்துச் சரி என்று கண்டால்தான் போகும். குறியீடுகளை அழித்தபின் 200 மைல் ஓடி, 15 முறை சூடேறியிருந்தால் பரிசோதனையில் இதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

1980-களின் வானகன் வாங்கலாமா? பரிசோதனையில் எதில் தோற்கும்?

வாங்கலாம். ஆனால் இது முழுப் பரிசோதனைக்கு உட்பட்ட வண்டி. சோதனை கடுமையான பெரிய நகரப் பகுதிகளில் உருளை மேல் ஏற்றி, 15 மைல் வேகத்தில் ஒருமுறை, 25 மைல் வேகத்தில் ஒருமுறை, சுமை கொடுத்துக் குழாயிலேயே அளப்பார்கள். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் சிங்க்ரோ வகை வானகனை அந்த உருளையில் ஏற்ற முடியாது, அதற்கு ஐடிலிலும் 2,500 சுற்றிலும் அளக்கும் சோதனை.

தாளில் மூன்று எண்கள் வரும். ஹைட்ரோகார்பன் கூடினால் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது: ஸ்பார்க் பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், வேக்குவம் கசிவு. கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகமாகப் பாய்கிறது. வானகனில் இதற்கு முதல் சந்தேகம் ஆக்சிஜன் சென்சார். அடுத்தது குளிர்நீர் வெப்பச் சென்சார், அது பழுதானால் இன்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். பிறகு தேய்ந்துபோன ஏர் ஃப்ளோ மீட்டர். நைட்ரஜன் ஆக்சைடு கூடினால் எரிப்பு மிகச் சூடாக நடக்கிறது: டைமிங் முன்னால் போயிருக்கும், கலவை பெட்ரோல் குறைந்து இருக்கும், அல்லது கன்வெர்ட்டர் ஓய்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து எல்லையை ஒட்டி நின்றால் பெரும்பாலும் கன்வெர்ட்டர்தான்.

1986 முதலான 2.1 லிட்டர் இன்ஜினில் சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் எர்த் ஒயர் இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பாருங்கள். 40 வயதான ஒயரிங்கில் பாதி நோய் அங்கேதான். இந்த நீர்க்குளிர்ச்சி இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் ஓரத்து ரப்பர் சீல் அரித்துத் தண்ணீர் கசிவது பழைய வியாதி. ஸ்மாக்கோடு அதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, பர்ஸோடு உண்டு; ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் பச்சையோ நீலமோ கறை தெரிகிறதா பாருங்கள்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் பழைய பெட்ரோலை மாற்றி, எண்ணெய் மாற்றி, 20 நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடாகவே கொண்டுபோங்கள். பெட்ரோல் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது மூடி போடுங்கள். 1995 வரையிலான வண்டிக்கு டாங்க்கில் காற்றழுத்தம் கொடுத்து ஆவிக் கசிவும் சோதிப்பார்கள். அந்த ஒரு ரப்பர் வளையத்தாலேயே தோற்பவை உண்டு.

1978 பஸ்ஸில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை எடுத்துவிட்டு இரட்டை கார்புரேட்டர் போட்டிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிறதே?

ஓடும். கண்ணால் பார்க்கும் பகுதியிலேயே தோற்கும். கழற்றிய இன்ஜெக்‌ஷன் பாகங்கள் முழுவதும் பெட்டியில் இருக்கின்றனவா, கணினியும் ஒயரிங்கும் உட்பட, என்று கேளுங்கள். இல்லை என்றால் விலையைப் பேசவே வேண்டாம்.

சுபாரு இன்ஜின் போட்ட வானகன்?

முறையாகச் செய்திருந்தால் இதுதான் நல்ல வானகன் என்று சொல்வோம். முறை என்பது இதுதான்: புதிதாகப் போட்ட இன்ஜின் வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். கலிபோர்னியா வண்டிக்குக் கலிபோர்னியா வகை இன்ஜின். அந்த இன்ஜினோடு கம்பெனியில் வந்த கன்வெர்ட்டர், சென்சார்கள், கரிப்பெட்டி, செக் இன்ஜின் விளக்கு, ஓபிடி சாக்கெட் எல்லாம் சேர்ந்து வந்திருக்க வேண்டும். இவற்றை, சிக்கலான வண்டிகளைச் சோதிக்கும் மாநில ரெஃப்ரீ நிலையத்தில் காட்டித் தேறினால் ஒரு லேபிள் ஒட்டித் தருவார்கள், பொதுவாகக் கதவுத் தூணில்.

லேபிள் இருந்தால் அடுத்த முறை சாதாரண நிலையத்திலேயே பரிசோதனை நடக்கும். லேபிள் இல்லாத சுபாருவை எவ்வளவு பெரிய கடை பொருத்தியிருந்தாலும் வாங்காதீர்கள். "ரெஃப்ரீகிட்ட ஒரு தடவை காட்டினா போதும்" என்று சொல்பவர் ஏன் காட்டவில்லை?

ஆரிகானிலோ நெவாடாவிலோ வாங்கிக் கொண்டுவரலாமா?

பழைய வேன் என்றால் கொண்டுவரலாம். 7,500 மைலுக்குக் கீழ் ஓடிய 49 மாநில வண்டியை இங்கே வசிப்பவர் வாங்கி வந்து பதிவு செய்ய முடியாது. பரம்பரைச் சொத்து, விவாகரத்துப் பங்கீடு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பழைய கேம்பரில் அந்த மைல் எப்போதோ தாண்டியிருக்கும். கிட்டத்தட்டப் புதிதான, மிகக் குறைவாக ஓடிய வேனைத் தள்ளுபடியில் பார்க்கிறவர்கள்தான் ஓடோமீட்டரைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். வெளிமாநிலத்து விற்பவருக்குக் கலிபோர்னியாச் சான்றிதழ் தரும் கடமை இல்லை. தோல்வி முழுக்க உங்கள் தலையில். முதல்முறை இங்கே பதிவாகும் வண்டிக்குப் புதிய மாடல் என்ற சலுகையும் கிடையாது. சேசிஸ் எண் சரிபார்ப்பும் தனியாக வேண்டும். மாநில வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியின் அலுவலகத்தில் செய்யலாம்.

ஜப்பானிலிருந்து வந்த டெலிகா, ஹைஏஸ் வேன்கள்? 25 வயதானால் விலக்கு என்கிறார்களே?

அது அமெரிக்கக் கூட்டரசின் இறக்குமதி விலக்கு. வண்டி துறைமுகத்தில் இறங்க உதவும். கலிபோர்னியாவில் பதிவாக உதவாது. அமெரிக்கச் சந்தைக்காகச் சான்று பெறாத வண்டிக்கு, காற்றுவள வாரியம் உரிமம் தந்த ஆய்வகத்தில் மாற்றங்கள் செய்து, சோதித்துச் சான்று வாங்க வேண்டும். செலவு பல நேரம் வண்டி விலையை எட்டிவிடும். வாஷிங்டன் மாநில நம்பரோடு இங்கே ஓடும் டெலிகாவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மோன்டானாவில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் நம்பர் வாங்கும் குறுக்குவழியும் இதே ரகம். இங்கே வசித்து இங்கே ஓட்டினால் அது வரி ஏய்ப்பு.

மெர்சிடிஸின் டீசல் ஸ்பிரின்டர் வேனில் எதைக் கவனிப்பது?

துகள் ஃபில்டரும், 2010 முதல் யூரியா திரவ அமைப்பும் உள்ளே முழுசாக இருக்கின்றனவா என்பதை. இவற்றைக் கழற்றி எறிந்து கணினியின் மென்பொருளை மாற்றிவிடுவது வெளிமாநிலங்களில் சகஜம். 2021 ஜூலை முதல் ஸ்மாக் செக்கில் மென்பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கம்பெனி மென்பொருளோ ஒப்புதல் பெற்றதோ இல்லை என்றால் தோல்வி. திரும்பப் பொருத்த ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

2020-இல் மெர்சிடிஸ் நிறுவனம் அமெரிக்க அரசோடும் கலிபோர்னியாவோடும் டீசல் புகை வழக்கில் உடன்பாடு செய்துகொண்டது. அதில் சுமார் 2,50,000 கார்களும் ஸ்பிரின்டர்களும் அடங்கும், மாடல் ஆண்டு 2009 முதல் 2016 வரை. அந்தத் திருத்தம் இந்த வேனுக்குச் செய்யப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். செய்த வண்டிகளுக்குப் புகைக் கருவிகள் மீது நீட்டிக்கப்பட்ட வாரண்டி உண்டு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

கேம்பர் சாமான்களால் ஸ்மாக் தோற்குமா?

கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், சோலார், தனி ஜெனரேட்டர் இவற்றை யாரும் சோதிப்பதில்லை. ஆனால் பெட்ரோலில் ஓடும் ஹீட்டருக்காகவோ ஜெனரேட்டருக்காகவோ வண்டியின் டாங்க்கிலிருந்து குழாய் பிரித்திருந்தால், அந்த இணைப்பில் ஆவி கசியும். ஓபிடி வண்டியில் செக் இன்ஜின் விளக்கு எரிவதற்கும் பழைய வண்டி அழுத்தச் சோதனையில் தோற்பதற்கும் இது மறைவான காரணம். பெரும்பாலும் படுக்கைக்கு அடியில், பலகை போட்டு மூடிய இடத்தில் இருக்கும். கூடுதல் டாங்க் பொருத்தியிருந்தால் அதற்கு ஒப்புதல் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் மூடிக்கு மேல் ஆணியடித்து அலமாரி கட்டியவர்களும் உண்டு. ஸ்மாக் நிலையத்தில் அதைப் பிரிக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்கிவிட்டேன், தோற்றுவிட்டது. இப்போது?

கலிபோர்னியாவில் சான்றிதழ் தராமல் விற்றவர் மீது சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம்; தனிநபருக்கு அங்கே வரம்பு 12,500 டாலர். வண்டியைப் பழுதுபார்க்கும் வரை ஓட்ட, டிஎம்வியில் மற்றக் கட்டணங்களைக் கட்டி, தோற்ற தாளைக் காட்டி, தற்காலிக அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்குப் பழுதுச் செலவில் பிஏஆர் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இரண்டாண்டுப் பரிசோதனையில் தோற்றவர்களுக்கு. பெயர் மாற்றத்துக்காகவோ முதல் பதிவுக்காகவோ சோதித்துத் தோற்றால் கிடையாது. அளவு எல்லையை மிக அதிகமாகத் தாண்டி 'கடும் மாசு' என்று முத்திரை விழுந்திருந்தால், மறுசோதனையை ஸ்டார் என்ற பலகை உள்ள நிலையத்தில்தான் செய்ய வேண்டும்.

பணம் கொடுக்கும் நாளில் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

90 நாளுக்கு உட்பட்ட ஸ்மாக் சான்றிதழ், அதில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். விற்பவர் கையெழுத்திட்ட உரிமைப் பத்திரம், இங்கே பலர் பிங்க் ஸ்லிப் என்பார்கள். அதில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் விடுவிப்புக் கையெழுத்தும். விற்பனை ரசீது. இன்ஜின் மாற்றியிருந்தால் ரெஃப்ரீ லேபிளின் படம். பதிவுக் கட்டண பாக்கியையும் முன்கூட்டியே டிஎம்வியில் கேட்டுவிடுங்கள், அது ஆளைத் தொடராது, வண்டியைத்தான் தொடரும். ஓடாமல் கிடந்த வேனில் இது பெரிய தொகையாக இருக்கலாம். விற்பனை வரிக்கு நிகரான வரியை நீங்கள் டிஎம்வியில் கட்டுவீர்கள், குறைந்தது 7.25 சதவீதம், ஊரைப் பொறுத்துக் கூடும். பெயர் மாற்ற உங்களுக்கு 10 நாள். விற்பவர் 5 நாளுக்குள் தன் பொறுப்பு நீங்கியதாக டிஎம்விக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் எதிரிலேயே அவர் அதை இணையத்தில் செய்துவிட்டால் இருவருக்கும் நல்லது.

இன்னும் பரிசோதனை செய்யவில்லை என்றால், இருவரும் சேர்ந்து அருகிலுள்ள நிலையத்துக்கு ஓட்டிப்போங்கள். கூலியை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. தேறிய தாள் வெளியே வந்த பிறகு காசோலையை எழுதுங்கள்.